முப்பத்தெட்டு மில்லிசெகண்ட்

உங்கள் மகளுக்கு டிஜிட்டல் கிடார் ஆம்ப் வாங்குவதாக இருந்தால், மேடம், பவர் உள்ளதையே வாங்கிக் கொடுங்கள். டீ வரும்வரை பேச்சுக்குத்தான் கேட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவது என் வழக்கம். இதே கேள்வியைக் கடைசியாக என்னிடம் கேட்டவருக்குப் பவர் இல்லாததை வாங்கச் சொன்னேன். அது தப்பான யோசனை அல்ல, அவருக்கு அது சரியான யோசனைதான்.

வித்தியாசம் ரொம்ப எளிது. எலெக்ட்ரிக் கிடாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்பியைத் தட்டினால் கொசு பறப்பது போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதைக் குரலாக்கிக் கொடுக்கும் வேலையை இப்போது ஒரு டிஜிட்டல் பலகை செய்கிறது. தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பலகை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குள் சத்தத்தைப் பெருக்கும் பவர் ஆம்ப் இருக்கும். ஒரு ஸ்பீக்கர் பெட்டியைச் செருகினால் போதும், வாசிப்பவரின் காலடியிலேயே முழங்கும். இன்னொன்றுக்குள் அது இருக்காது. சத்தத்தைத் தயார் செய்து ஒயர் வழியாக, எல்லாச் சத்தத்தையும் கலந்து அனுப்பும் மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதன்பின் அரங்கத்துக்கு எவ்வளவு போக வேண்டும், வாசிப்பவரின் காதுக்கு என்ன போக வேண்டும் என்பதெல்லாம் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் பாடு. முதலாவதை வாங்கினால் கனம் தூக்க வேண்டும். இரண்டாவதை வாங்கினால் ஒரு மனிதரை நம்ப வேண்டும். கடைக்காரர்கள் கனத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

நான் மிக்ஸரில் உட்கார்கிறவன். இருபத்திரண்டு வருடமாக ஒரே இசைக்குழு. கம்பெனி விழா, ஓட்டல் ஹால், கல்லூரி ஆண்டு விழா என்று வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சியாவது இருக்கும். அப்பா எனக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை உங்கள் படிவத்தில் எழுதியிருக்கிறேன், மற்றபடி அது புழக்கத்தில் இல்லை. மேடையில் இருக்கிறவர்களுக்கு நான் "சவுண்டு". "சவுண்டு, மைக் வரல." "சவுண்டு, கீச்சுங்குது." ஏதாவது கெட்டுப்போனால்தான் எங்கள் பக்கம் திரும்புவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் கைதட்டல் பாடுகிறவருக்குப் போகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உப்பு சரியாக இருக்கும்போது யாரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை, அது உலக வழக்கம்.

எங்கள் குழுவில் கிடார் வாசித்தவர் என் தங்கையின் கணவர். குழுவுக்கு அவரைக் கொண்டுவந்தது நான், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். கை வேகத்தைப் பார்த்துக் குழுவில் அவருக்கு "மின்னல்" என்று பெயர் வைத்தார்கள். நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டில் என்னை வாய் நிறைய "மச்சான்" என்பார், எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மாத்திரையோடு வந்து நிற்பவரும் அவர்தான். மேடை ஏறிவிட்டால் அவருக்கும் நான் சவுண்டுதான்.

அவரிடம் ஒரு பழைய வால்வு ஆம்ப் இருந்தது. இருபத்தைந்து கிலோ. அதைக் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுவார். "கொஞ்சம் குறைங்க மாப்பிள்ளை" என்றால், "குறைச்சுட்டேனே" என்று எல்லோரும் பார்க்கக் குமிழைத் திருகுவார். பாட்டு ஆரம்பித்த பத்தாவது நொடியில் அவர் கை மெதுவாகப் பின்னால் போகும், சத்தம் பழைய இடத்துக்கு வந்துவிடும். பாடுகிற பெண்ணின் குரல் எனக்கே கேட்காது. முன்வரிசையில் இருப்பவர்கள் கிடார்காரரை முறைக்க மாட்டார்கள், திரும்பி என்னை முறைப்பார்கள். பன்னிரண்டு வருடம் இப்படி. அவர் கூட்டிய சத்தத்துக்கு நான் திட்டு வாங்கினேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை, அதனால் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிஜிட்டலுக்கு மாறுவதென்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு படங்களோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், நீங்களே சொல்லுங்க. பவர் உள்ளதா, இல்லாததா?"

"உங்க முதுகு என்ன சொல்லுது?"

"முதுகு இல்லாததுன்னு சொல்லுது. மனசு உள்ளதுன்னு சொல்லுது. காலடியில ஒரு பெட்டி அதிரலைன்னா வாசிக்கிற மாதிரியே இருக்காது மச்சான்."

"பெட்டியை மனசு தூக்கிட்டு வருமா?"

என் தங்கை சிரித்தாள். "அண்ணா சொல்றதைக் கேளுங்க. நாளைக்கு முதுகைப் பிடிச்சிட்டு உக்காந்தா நான்தானே தைலம் தேய்க்கணும்."

நான் காரணங்களைச் சொன்னேன். பவர் இல்லாதது தோள்பையில் அடங்கும். எந்த ஹாலுக்குப் போனாலும் ஒரே மாதிரி ஒலிக்கும். மேடையில் சத்தம் இல்லாததால் பாடுகிறவர்களின் தொண்டை பிழைக்கும். காதில் இயர்ஃபோன் போட்டுக்கொண்டால் அவருக்கும் எல்லாம் துல்லியமாகக் கேட்கும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, மேடம். எந்தச் சவுண்டுகாரரை வேண்டுமானாலும் கூப்பிட்டு விசாரியுங்கள், இதையேதான் சொல்வார். இனிமேல் அவர் குடுமி என் கையில் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதல் மூன்று மாதம் சொர்க்கம். பாட்டு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் பாடகியிடம், "இன்னைக்குக் குரல் என்னமா இருந்துச்சு" என்றார்கள். அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கும் நல்ல மனிதன்தான். விடக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. நடந்தது ஒரு தொழில்முறைத் தவறு, எங்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர் பலகையிலிருந்து வரும் ஒரே ஒயரின் சத்தத்தை நான் மிக்ஸரில் இரண்டாகப் பிரிப்பேன். ஒன்று அரங்கத்துக்கு, இன்னொன்று அவர் காதுக்கு மட்டும். இது எல்லோரும் செய்வது. ஒரு நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒரு கம்பெனிக் கூட்டம். திரையில் படம் சற்றுத் தாமதமாக ஓடியது, பேசுகிறவரின் உதட்டுக்கும் குரலுக்கும் ஒட்டவில்லை. அதற்காக மிக்ஸரில் ஒரு வழியில் முப்பது மில்லிசெகண்ட் தாமதம் வைத்திருந்தேன். ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கினால் அதில் முப்பது துண்டு. மறுநாள் அதே வழியில்தான் மாப்பிள்ளையின் காதுக்குக் கிடாரை அனுப்பினேன். தாமதத்தை எடுக்க மறந்துவிட்டேன்.

அன்று அவர் விரல் வைத்த சத்தம், வைத்த பிறகு ஒரு கணம் கழித்துத்தான் அவருக்குக் கேட்டது. டிரம்ஸ் அந்தந்த நேரத்தில் கேட்டது, தன் கிடார் மட்டும் பின்னால் வந்தது. பாட்டின் நடுவில் திரும்பி என்னைப் பார்த்தார். "சவுண்டு" என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வாத்தியாரின் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

சாமான்களைக் கட்டும்போது மிக்ஸரில் அந்த முப்பதைக் கண்டேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே என்னிடம் வந்துவிட்டார்.

"மச்சான், இன்னைக்குக் கை சரியில்ல. மன்னிச்சுக்குங்க. வெளியில எப்படிக் கேட்டுச்சு?"

பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் மன்னிப்பு அது. வெளியில் எப்படிக் கேட்டது என்று எவரும் என்னிடம் கேட்டதும் அதுதான் முதல் தடவை. நான் திறந்த வாயால், "பரவாயில்ல மாப்பிள்ளை, போகப் போகச் சரியாயிடும்" என்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நிகழ்ச்சிக்குத் தாமதத்தை எடுத்துவிட்டேன், இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று பிரமாதமாக வாசித்தார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது, "சவுண்டு, என் ஒயரைச் சுத்தி வெச்சிடுங்க" என்றார். ஒயரைச் சுற்றி வைத்தேன். அதற்கு அடுத்த நிகழ்ச்சிக்குப் பத்து வைத்தேன்.

எழுதிக்கொண்டிருக்கிறவர் மில்லிசெகண்ட் என்றால் நொடியில் பாதியா என்கிறார். இல்லை ஐயா. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அது இரண்டாயிரம் போய்விட்டது.

பத்து ஒன்றும் செய்யாது. அது ஒரு பழக்கத்துக்காக. பதினைந்து, இருபது, இருபத்தைந்து என்று எட்டு மாதத்தில் படிப்படியாக ஏற்றினேன். முப்பத்தெட்டில் நிறுத்திக்கொண்டேன். அதைத் தாண்டினால் எதிரொலி என்று காது கண்டுபிடித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டுவரை அது விரலின் கோளாறாகத்தான் தெரியும். எடுத்த எடுப்பில் வைப்பதும் இல்லை. முதல் இரண்டு பாட்டுக்குத் தாமதமே கிடையாது. மூன்றாவது பாட்டில் கொஞ்சம், ஐந்தாவதில் இன்னும் கொஞ்சம், கடைசிப் பாட்டில் முழுதும். களைப்பு என்பது அப்படித்தானே வரும். எங்கள் மிக்ஸரில் பாட்டுக்கு ஒரு பக்கம் என்று அளவுகளைச் சேமித்து வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பெயரும் போட்டு வைத்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல.

இதில் நானே எதிர்பாராத ஒன்று நடந்தது. தன் கிடார் பிந்துகிறது என்று தோன்றியதும் அவர் தன்னை அறியாமல் முந்தி வாசிக்க ஆரம்பித்தார். அவர் காதில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அரங்கத்தில் அவர் தாளத்துக்கு முன்னால் ஓடினார். எங்கள் குழுத் தலைவர் கீபோர்டு வாசிக்கிறவர், கிண்டல் பேர்வழி. ஒத்திகையில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்ன மின்னல், ரயிலைப் பிடிக்கணுமா? ஏன் இப்படி முன்னாடி ஓடுறீங்க?"

"ஓடறேனா? எனக்குப் பிந்துதுங்க. அதைத்தான் இழுத்துப் பிடிச்சிட்டிருக்கேன்."

"பிந்துதா? எங்க காதுல நீங்க அடுத்த பாட்டுக்கே போயிட்டீங்க."

"காதுல கேக்கறதுல ஏதோ தப்பு இருக்கு தலைவரே. மச்சான், கொஞ்சம் பாருங்களேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நான் மிக்ஸரைக் குனிந்து பார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். அன்றைக்குக் கூடம் உண்மையிலேயே முப்பத்தெட்டு மில்லிசெகண்ட் கோணல். பழமொழி சொல்கிறவர்கள் கூடத்தை அளந்து பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னை விடவே இல்லை. நிகழ்ச்சி நாளில் மத்தியானமே வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். எந்தப் பாட்டை விட்டுவிடலாம், எந்தத் தனி வாசிப்பைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிடலாம், கம்பியை மெலிதாக மாற்றலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் நிதானமாக யோசித்துத்தான் பதில் சொல்வேன். மைக்கில்கூட "மச்சான்" என்று கூப்பிட ஆரம்பித்தார், ஹாலில் இருக்கிறவர்கள் யார் அந்த மச்சான் என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

என் தங்கைக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கெட்டிக்காரி. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தாள்.

"அண்ணா, அவர் சரியாச் சாப்பிடறதில்ல. சாப்பாட்டு மேசையில விரலைத் தட்டித் தட்டிப் பாக்கறார். கையைத் துணியால மூடி வெச்சிட்டு உக்காந்திருக்கார். எனக்குப் பயமா இருக்கு."

"வயசாகுதில்லம்மா."

"நாற்பத்தஞ்சு ஒரு வயசா? நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பழைய ஆம்ப் பரண்லதானே கிடக்கு. ஒரே ஒரு நாள் அதை மேடையில வெச்சு வாசிச்சுப் பாத்தா என்ன?"

காலடியில் ஒரு பெட்டி இருந்திருந்தால் அவர் சத்தம் என்னிடம் வராமல் நேரே அவர் காதுக்குப் போயிருக்கும். ஒரே பாட்டில் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். எட்டு மாதமாக அத்தனை கலைஞர்களுக்குத் தோன்றாதது, சுருதி என்றால் என்னவென்று தெரியாத என் தங்கைக்குத் தோன்றியது. உள்ளுக்குள் அவளை மெச்சிக்கொண்டேன். "நல்ல யோசனைம்மா. வால்வு போயிருக்கும், நானே எடுத்துட்டுப் போய்ப் பாக்கறேன்" என்று அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போதும் என் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. வால்வெல்லாம் நன்றாகவே இருக்கிறது.

மாப்பிள்ளையும் விடவில்லை. "பேசாம பவர் உள்ளதாவே மாத்திடட்டுமா மச்சான்? முதுகு போனாப் போகட்டும்" என்றார். "பெட்டியை மாத்தினா கை மாறிடுமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கொஞ்ச நாளில் வீட்டில் வாசிக்கும்போதும் அவருக்குப் பிந்த ஆரம்பித்தது. வீட்டில் மிக்ஸர் கிடையாது, நானும் கிடையாது. பலகையில் நேராக ஹெட்ஃபோனைச் செருகித்தான் வாசித்தார். அங்கே ஒரு மில்லிசெகண்ட்கூட நான் வைக்கவில்லை. அது அவராகவே சேர்த்துக்கொண்டது. அந்தப் பழியை என் தலையில் போடுவது நியாயமல்ல.

நரம்பு டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். கையில் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். டாக்டர் நேர்மையானவர், அவர்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

"மணிக்கட்டுல நரம்பு லேசா அழுந்தியிருக்கு. வருஷக்கணக்கா வாசிக்கிறவங்களுக்கு இவ்வளவு இருக்கும். ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு நான் சொல்லமாட்டேன். தொந்தரவு எவ்வளவுன்னு நீங்கதான் சொல்லணும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "எனக்கு எதுவும் புரியல டாக்டர். எனக்குப் பிந்துது, மத்தவங்களுக்கு முந்துது. வெளியில இருந்து கேக்கறது மச்சான்தான். அவரே சொல்லட்டும்."

"போன நிகழ்ச்சியில ரொம்பவே ஓடுச்சுங்க" என்றேன். நடந்ததைத்தான் சொன்னேன்.

ஆபரேஷன் காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பச்சை அங்கி, இடது மணிக்கட்டில் பேனாவால் ஒரு கோடு. தங்கை ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள். நடைபாதையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு மச்சான். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்படியே எழுந்து வந்துடறேன்."

சொல்லலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டது, மயக்க டாக்டர்கூட வந்துவிட்டார். அந்த நேரத்தில் போய்ச் சொன்னால் தங்கை என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதையும் பார்க்க வேண்டும். அதோடு, அடுத்தவர் உடம்பு விஷயத்தில் நாம் முடிவு சொல்வது முறையல்ல என்பது என் கொள்கை.

"முடிவு உங்களுது மாப்பிள்ளை" என்றேன்.

சட்டையை விட்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

நரம்பு சரியாகிவிட்டது. ஆனால் காயம் ஆறும்போது உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டு இறுகிவிட்டதாம், அபூர்வமாக அப்படி ஆகுமாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. பேனா பிடிக்கலாம், காபி டம்ளர் பிடிக்கலாம். கிடாரின் கழுத்தைப் பிடிக்க முடியாது. ஆறு மாதம் பயிற்சி செய்து பார்த்துவிட்டு, கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினார். மூடிய பிறகு மூடியின்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தார். நானும் அழுதேன், தங்கையைக் கேட்டுப் பாருங்கள்.

அவரை நான் கைவிடவில்லை. "என் பக்கத்துல உக்காருங்க மாப்பிள்ளை, மிக்ஸர் கத்துக்குங்க" என்றேன். தலைவரிடம் பேசிச் சம்மதம் வாங்கியதும் நான்தான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அருமையான காது அவருக்கு. நான் நாலு வருடத்தில் கற்றதை நாலு மாதத்தில் பிடித்துக்கொண்டார். புதிய கிடார்காரர் ஒருவர் வந்தார், இளசு, பவர் உள்ள பலகையோடு காலடியில் பெட்டி வைத்து வாசிப்பவர். அவர் சத்தத்தைக் கூட்டும்போது மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "இப்பதான் மச்சான் உங்க கஷ்டம் புரியுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்.

கடந்த புதன்கிழமை மத்தியானம் ஒத்திகைக்கு முன்னால் மைக்குகளுக்குப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போனேன். மிக்ஸரில் இடம் நிறைந்துவிட்டது, பழைய பக்கங்களைப் பார்த்து அழித்து வையுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அதில் என்னென்ன இருக்கிறது என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை. அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும் என்று நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் காதில் ஹெட்ஃபோன். முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, அதோடு சிரிக்கிறார்.

"மச்சான், இங்க வாங்க. இதைக் கேளுங்க."

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நாங்கள் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைப்பதுண்டு, வாத்தியத்துக்கு ஒரு வரியாக. அவர் கடைசியாக வாசித்த நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டை எடுத்திருந்தார். கிடார் வரியை மட்டும், பழைய பக்கத்தில் கண்ட அதே முப்பத்தெட்டு மில்லிசெகண்ட் தள்ளி வைத்திருந்தார். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தட்டும் டிரம்ஸின்மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அவ்வளவு சுத்தமான வாசிப்பை என் தொழிலில் நான் கேட்டதில்லை.

"பாத்தீங்களா, நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன். என் கைக்கு ஒண்ணுமே ஆகல மச்சான். ஒண்ணுமே ஆகல."

அந்தப் பாட்டு முடியும்வரை சந்தோஷமாக இருந்தார். நாலு நிமிடம் இருக்கும். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த முப்பத்தெட்டை வெச்சது யாரு?"

"நான்தான்" என்றேன். நேராகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை.

"எப்ப எடுத்தீங்க?"

"ஆபரேஷனுக்கு அப்புறம். அதுக்குமேல தேவைப்படலையே."

அவர் ஹெட்ஃபோன் ஒயரை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே முறுக்கு விழாமல் சுற்றி வைத்தார். எழுந்து போய்விட்டார். சாயங்காலம் தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

"ஆஸ்பத்திரியில அவர் உங்க சட்டையைப் பிடிச்சிட்டு கேட்டாராமே. அப்பக்கூடவா சொல்லத் தோணல?"

"தோணுச்சு" என்றேன். அவள் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

தலைவர் போனில், "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினீங்களேய்யா" என்றார். தொட்டிலை எவ்வளவு நன்றாக ஆட்டினேன் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே வைத்தேன். எட்டு மாதம் ஏற்றினேன், அதன்பின் ஆபரேஷன்வரை இறக்காமல் வைத்திருந்தேன். அந்தக் கையில் எந்தக் கோளாறும் இல்லை என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தே கத்திக்கு அனுப்பினேன். இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்களே புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள், அதில் நான் உதவ முடியாது.

புகாரில் தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டாள், பாதிக்கப்பட்டவர் மட்டும் இன்னும் போடவில்லை என்கிறீர்கள். ஒரு மணி நேரமாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராமே. பாவம், அவரை அப்படித் தனியாக விடாதீர்கள், மேடம். ஐந்தே நிமிடம் என்னிடம் அனுப்புங்கள். என்னைக் கேட்காமல் அவர் எதையும் முடிவு செய்கிறவர் அல்ல.